மனக்கணக்கும் ஏட்டுக்கணக்கும்

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் மீதி எத்தனை? இந்தச் சிறு கணக்கு ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட இருந்தது என்று சொன்னால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் நம் இல்லத்தில் நடந்தது அதுவே. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் வந்து, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாகப் பிள்ளைகளை வளர்க்கும் நம் சங்கத்துக் குடும்பங்கள் வேறு சிலவற்றிற்கும் இது நேர்ந்திருக்கலாம். ஆதலின் நாணம் பாராது எழுதுகின்றோம்.

நாம் குடியிருப்பது குன்னத்துகால். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் சென்று டிக்கெட் கவுண்டரில் அமர்ந்து திரும்புவது நம் நாள்முறை. 1979 ஏப்ரலில் கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டதால் வந்த வசதி இது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் இங்குள்ளோர் மலையாளத்தில் தொடங்கிய பேச்சைத் தமிழில் முடிப்பதும், களியக்காவிளைச் சந்தையில் தமிழில் விலைபேசி மலையாளத்தில் சில்லறை எண்ணுவதும் இன்றும் வழக்கமே.

நம் மகள் ஊரிலுள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பயில்கிறாள். சென்ற ஓணத் தேர்வில் அவளுடைய கணக்கு விடைத்தாள் மிகக் குறைந்த மதிப்பெண்ணோடு வந்தது. தாளைப் புரட்டினோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்ன இடத்தில் 35 என்று எழுதியிருந்தாள். பிற கழித்தல்களும் அவ்வாறே. “பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கு என்று எத்தனை முறை சொன்னேன்!” என்று குரலை உயர்த்தினோம். அடுத்த வாரமும் மாலைதோறும் அதே கூச்சல். பிள்ளை நோட்டைக் கண்டாலே விரல் நடுங்கினாள். இறுதியில் இல்லத்தரசியார், மலையாளத்தில் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆற்றல் பிள்ளைக்குப் போதவில்லை போலும் என்றும், அம்பாசமுத்திரத்தில் ஆச்சியிடம் விட்டுத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றும் கூறினார். ஆச்சியும் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு இசைந்தார். பிள்ளை மட்டும் ஒன்றும் பேசவில்லை.

மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்குச் சென்றோம். வகுப்பாசிரியை காரணம் கேட்டார், கூறினோம். அவர் மறுக்கவில்லை. “சார், டி.சி. வாங்குவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் வந்து உட்காருங்கள். உங்கள் மகளுக்குக் கணக்கு வராது என்று எனக்குத் தோன்றவில்லை” என்றார். நமக்கு வார ஓய்வு புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை, நம் முழங்கால் இடிக்கும் சிறு பெஞ்சில் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தோம்.

வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு குழுவின் முன்னும் தென்னை ஈர்க்குத் துண்டுகள் இருந்தன. பத்துப் பத்தாக எண்ணி நூலால் கட்டிய கட்டுகளும் உதிரிகளும். ஆசிரியை, “52 ஈர்க்கு எடுத்து வையுங்கள்” என்றார். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்தனர். “இதில் 27-ஐ எனக்குத் தாருங்கள்.” இரண்டு கட்டுகளை உடனே கொடுத்துவிட்டனர். ஏழு உதிரிக்கு எங்கே போவது? இரண்டுதானே இருக்கிறது! சிறிது நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பிறகு ஒரு சிறுவன் ஒரு கட்டின் நூலை அவிழ்த்தான். உதிரி பன்னிரண்டு ஆயிற்று. ஏழு போக ஐந்து, கட்டுகள் இரண்டு, ஆக 25.

நாம் படித்த காலத்தில் இதற்குப் பெயர் “கடன்”. வாங்கிய கடனை ஒருநாளும் திருப்பித் தரமாட்டோம். அது ஏன் என்று கேட்டாரும் இல்லை. இங்கே கடன் என்ற சொல்லே எழவில்லை. கட்டை அவிழ்த்தான்; அவ்வளவே. பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துச் சில்லறை மாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மாற்றிய பின்னும் கையிலுள்ள தொகை அதே 52 என்பதைப் பிள்ளை தன் கண்ணால் காண்கிறது. ஈர்க்கிற்குப் பின் கட்டும் உதிரியுமாகப் படம் வரைந்தனர். அதன் பிறகே எண்ணை எழுதினர்.

நிற்க. நம்மை உண்மையில் உலுக்கியது அடுத்து நடந்தது. விடை வந்ததும் நம் காலத்து ஆசிரியர் “சரி, அடுத்த கணக்கு” என்பார். இவரோ, “எப்படிக் கிடைத்தது?” என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். நம் மகளின் முறை வந்தது. தமிழும் மலையாளமும் கலந்து அவள் சொன்னது இது: இருபத்தேழுக்கு மூன்று போட்டால் முப்பது; பின் இருபது போட்டால் ஐம்பது; இன்னும் இரண்டு; மூன்றும் இருபதும் இரண்டும் இருபத்தைந்து. ஆசிரியை கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, 27-லிருந்து 30, 50, 52 எனத் தாவித் தாவிச் செல்லும் வளைவுகளை வரைந்து, அவற்றின் மேல் 3, 20, 2 என எழுதினார். வெற்று எண்கோடு என்னும் இம்முறை ஹாலந்து நாட்டில் ஹான்ஸ் ஃப்ராய்டந்தால் (1905–1990) என்னும் கணித அறிஞரின் வழிவந்த ஆசிரியர்களிடையே வளர்ந்தது என்று பின்னர் அறிந்தோம்.

அன்று நமக்குத் தோன்றியது வேறொன்று. டிக்கெட் கவுண்டரில் 45 ரூபாய்க்குச் சீட்டு வாங்கி 100 ரூபாய்த் தாள் நீட்டுபவருக்கு நாம் எவ்வாறு மீதி கொடுக்கிறோம்? நூறிலிருந்து நாற்பத்தைந்தைக் கடன் வாங்கிக் கழிக்கிறோமா? இல்லவே இல்லை. ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து “ஐம்பது” என்கிறோம். ஐம்பது ரூபாய்த் தாளை வைத்து “நூறு” என்கிறோம். கூட்டிக்கொண்டே போய்க் கழித்து முடிக்கிறோம். நாளெல்லாம் நாம் செய்யும் அதே கணக்கைத்தான் நம் மகள் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதை வாய் திறந்து சொல்லவிடாமல் ஒரு வாரம் அதட்டியவர்கள் நாமே.

அங்ஙனமாயின் தாளில் 35 வந்தது எவ்வாறு? இடைவேளையில் ஆசிரியை விளக்கினார். மேலும் கீழுமாக எண்களை எழுதியதும் பிள்ளையின் கண்ணிலிருந்து 52 மறைந்துவிடுகிறது. ஐந்தும் இரண்டும் தனித்தனி இலக்கங்களாக நிற்கின்றன. இரண்டில் ஏழு போகாது; ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிடுகிறது. ஐந்தில் இரண்டு போக மூன்று. ஆக 35. உலகெங்கும் இவ்வயதுப் பிள்ளைகள் செய்யும் பிழை இது. இதை மந்தம் என்று கொள்வது பெரியவர்களின் அவசரம் என்றார். நாம் பதில் சொல்லவில்லை.

அதே வகுப்பில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த காய்கறி வியாபாரி ஒருவரின் மகனும் படிக்கிறான். மாலையில் தந்தையின் தள்ளுவண்டி அருகே நிற்பவன். அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ வெண்டைக்காய், இரண்டு தேங்காய் என்று அடுக்கினால் நாம் பையை விரிப்பதற்குள் தொகை சொல்லிவிடுவான். தாளில் அவனும் பின்தங்கியவனே.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. தெரசின்யா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் என்னும் மூவர் அதை 1985இல் வெளியிட்டனர். தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்து சிறாரிடம், வாங்குபவர் போலச் சென்று விலை கேட்டனர். நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. பின்னர் அதே கணக்குகளை எண்களாக மட்டும் எழுதித் தாளில் செய்யச் சொன்னபோது நூற்றுக்கு 37 விடைகளே சரியாயின. தேங்காய் ஒன்று 35 குருசெய்ரோ. நான்கு எவ்வளவு என்றால், மூன்றுக்கு 105, அதோடு முப்பது, பிறகு ஐந்து என்று கூட்டி 140 என வாயால் சொன்ன பிள்ளை, 35-ஐ 4-ஆல் பெருக்கு என்று தாளைத் தந்ததும் 200 என்று எழுதியது. மேலே வைத்த இரண்டைப் பெருக்குவதற்கு முன்பே கூட்டிவிட்டது!

நம் நாட்டிலும் இதுபோல ஓர் ஆராய்ச்சி நடந்துள்ளது. 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் பிறரோடு சேர்ந்து, கல்கத்தா, டில்லி நகரங்களின் சந்தைகளில் வேலைசெய்யும் பிள்ளைகளைச் சோதித்து, 2025இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். சந்தைப் பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் இடறினர் என்பது நாம் எதிர்பார்த்ததே. பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் இடறினர் என்பதுதான் நம்மைச் சிந்திக்கச் செய்தது. ஒரு கரையில் இருப்பவர்க்கு மறுகரை எட்டவில்லை. இரண்டுக்கும் பாலம் கட்டும் இடம் தொடக்கப்பள்ளியே. வேறு இடம் இல்லை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இப்பிளவு இத்துணை ஆழமாக இருந்ததில்லை என்று தோன்றுகிறது. அங்கே எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் மனப்பாடம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று பிள்ளை ஓதியது அவன் வீட்டு நெற்குதிரின் கணக்கையே. பின்னங்களுக்கு இருந்த பெயர்களைப் பாருங்கள்: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, இரண்டையும் சேர்த்தால் பதினாறில் ஒன்று, அதற்குப் பெயர் மாகாணி. 1/20-உம் 1/80-உம் சேர்ந்து 1/16 என்பதைத் தாளில் போட்டுப் பார்க்க இன்று நமக்கு இரண்டு வரி தேவை; அன்று பெயரிலேயே விடை இருந்தது. இக்கல்வி முறையைச் சுவடிகளின் வழி ஆராய்ந்து செந்தில் பாபு என்பார் 2022இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார்.

சென்னை அனாதைச் சிறுவர் விடுதியில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து அதைத் தம் விடுதியில் புகுத்தினார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்தி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்றே இங்கிலாந்தில் பெயர்பெற்றது. ஆனால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று நாம் கூறமாட்டோம். அதன் பிரம்பை மறக்கலாகாது. யார் யார் அத்திண்ணையில் ஏற முடியாதிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

இவ்வட்டாரத்தார்க்குக் கணக்குத் திறமை வரக் காரணம் இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுக்காரப் பெரியவர் சொல்லக் கேட்டது. திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில் ஒரு சர்க்கார் ரூபாய்க்கு 7 பணம். ஒரு பணத்திற்கு 4 சக்கரம். ஒரு சக்கரத்திற்கு 16 காசு. ஆகவே ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் ஆங்கிலேயர் ரூபாயை மாற்றினாலோ 28 சக்கரமும் 8 காசும். இவ்விரண்டு ரூபாயையும் நாள்தோறும் கையாண்டவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத கூடைக்காரிகள். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயாபைசா என்று ஆன பின் கணக்கு எளிதாயிற்று. மனக்கணக்குப் பழக்கமும் சிறிது சிறிதாகக் குறைந்தது என்பது பெரியவரின் வருத்தம்.

இனி மொழிச் சிக்கலுக்கு வருவோம். பிள்ளைக்குக் கணக்கு வராததற்கு மலையாளமே காரணம் என்று இல்லத்தரசியார் எண்ணியதில் உண்மை எவ்வளவு? எண்களைப் பொறுத்தவரை தமிழும் மலையாளமும் உடன்பிறந்தவை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்தைந்து என்றால் இரு பத்தும் ஐந்தும். இரு மொழியிலும் சொல்லே இட மதிப்பைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘லெவன்’, ‘டுவெல்வ்’ எதையும் காட்டுவதில்லை. இந்தியிலோ நூறு வரை பெரும்பாலும் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே மனத்தில் நிறுத்தவேண்டும். நம் மொழிகளில் இடறும் கல்லும் ஒன்றே: தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது, அது தொண்ணூறுதான், தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது, அது ஆயிரம் ஆகவில்லை. கன்னடத்தார் ‘தொம்பத்து’ என்று பத்தை ஒலித்துத் தப்பித்துக்கொண்டனர்! மலையாளப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் இவ்விடத்தில் ஒன்றாகவே தடுமாறுகின்றன.

நூற்றைந்து என்று சொன்னால் சில பிள்ளைகள் 1005 என்று எழுதுகின்றன அன்றோ? இதற்காக அடிபட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! பழந்தமிழ் எண்ணில் நூற்றைந்தை ௱௫ என்றே எழுதினர். நூற்றுக்கு ஒரு குறி, பக்கத்தில் ஐந்து. இருபத்தைந்து ௨௰௫. காதில் விழுந்தபடி எழுதும் முறை அது. பிள்ளையும் காதில் விழுந்தபடியே எழுதுகிறது. அதற்குப் பூச்சியம் இடத்தைக் காக்கும் வேலையைச் செய்கிறது என்பது இன்னும் விளங்கவில்லை. அதை விளக்கக் கட்டும் உதிரியும் வேண்டும். சிறிது பொறுமையும் வேண்டும்.

ஆகவே எண்ணால் வந்த தடை அன்று. தடை கணக்கைச் சொல்லும் வாக்கியத்தில் இருந்தது. ‘மீதி’, ‘வித்தியாசம்’, ‘எத்தனை கூடுதல்’ என்பவற்றிற்கு நேரான மலையாளச் சொற்களை நம் மகள் பொருளுணர்ந்து கற்கவில்லை. ஆசிரியை ஒரு வழி சொன்னார். அதை நம் அன்பர்களுக்கும் சொல்கின்றோம். கேரள அரசின் எஸ்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தை மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுகிறது. பாடம் ஒன்றே, படம் ஒன்றே, பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. மூன்றாம் வகுப்புக்கு 2024இல் புதிய புத்தகம் வந்தது. பிள்ளை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படித்தாலும், தமிழ்ப் புத்தகம் ஒன்றை வீட்டில் வைத்து, அன்றைய பாடத்தைத் தாய்மொழியில் ஒருமுறை பேசச் செய்யலாம்.

எல்லைக்கு அப்பால் உறவினர் பிள்ளைகள் படிப்போர்க்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தெரிந்திருக்கும். கொரோனாக் காலத்து இடைவெளியை நிரப்புவதற்காகத் தமிழ்நாட்டு அரசு 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கின்றனர். கேரளத்தில் முதல் இரு வகுப்புகளுக்கு ‘உல்லாச கணிதம்’ என்று விளையாட்டுப் பொருள்களோடு கற்பிக்கும் திட்டம் உண்டு. இரண்டும் நோக்கும் திசை ஒன்றே. கணக்கின் மேல் பிள்ளைக்குள்ள அச்சத்தைப் போக்குதலும், கணக்காய்ச் சிந்திக்கப் பழக்குதலுமே முதற்பணி என்று, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இரா. இராமானுஜம் தலைமையில் அமைந்த தேசியப் பாடத்திட்டக் குழு 2005-ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்திற்காக எழுதியது. ஆச்சி வீட்டுக்கு அனுப்பினாலும் பிள்ளை காணப்போவது புளியங்கொட்டையும் குச்சிக்கட்டுமே என்று அறிந்தபோது இல்லத்தரசியார் சிரித்துவிட்டார்.

ஒன்றில் மட்டும் நாம் பள்ளியோடு முற்றும் உடன்படவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய அவர்கள் அவசரப்படுத்துவதில்லை. புரிந்தபின் தானே நிற்கும் என்கின்றனர். புரிந்தாலும் ஓதாமல் நிற்காது என்பது கவுண்டரில் அமர்ந்த அனுபவம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கு வரிசையில் நிற்கும் பயணி ஈர்க்கு எண்ணக் காத்திரார். ஆகவே வீட்டில் வாய்ப்பாடு ஓதுகின்றோம். அதட்டல் மட்டும் இல்லை.

சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணக்காசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் (1924–2005) நாட்காட்டியைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டுக் காட்டியவர். அவ்வழியில் ஒன்றை நம் மகளுக்குக் காட்டினோம். மாத நாட்காட்டியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சதுரமாக வளைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள தேதியை ஒன்பதால் பெருக்கினால், ஒன்பது தேதிகளின் மொத்தமும் வந்துவிடும். எந்த மாதமாயினும் சரி. ஏன் என்று அவள் இரண்டு நாள் யோசித்து, நடுவிலிருந்து ஒரு பக்கம் எவ்வளவு குறைகிறதோ மறுபக்கம் அவ்வளவு கூடுகிறது என்று தானே சொன்னாள். அதனை வகுப்பிலும் போய்ச் சொன்னாளாம்.

மற்றொரு நாள் ஆசிரியை ஒரு வட்டத்தை நான்காக மடித்துக் காட்டி, ஒரு பங்குக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார். ‘கால்’ என்பது இரு மொழிக்கும் பொதுச் சொல். “நம் ஊரில்கூட ஒரு கால் இருக்கிறதே, டீச்சர்! மீதி முக்கால் எங்கே?” என்று நம் மகள் கேட்க, வகுப்பே சிரித்ததாம். அப்பிள்ளை சிரிப்புக்கு இடமாகப் பேசத் துணிந்தாள் என்பதே நமக்கு மகிழ்ச்சி.

மாற்றுச் சான்றிதழை நாம் வாங்கவில்லை. ஆச்சிக்குச் சிறிது வருத்தம். பூசை விடுமுறைக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். கிறிஸ்துமஸ் தேர்வு இனிமேல்தான். மதிப்பெண் எவ்வாறு வருமோ, கழித்தலை மேலும் கீழுமாக எழுதும்போது அவள் இன்னும் சில வேளை தடுமாறத்தான் செய்கிறாள். அப்பொழுது ஓரத்தில் ஒரு கோடு கிழித்துத் தாவிப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்கிறாள்.

சென்ற ஞாயிறன்று நாகர்கோவில் செல்லப் பாறசாலை நிலையத்தில் மூவரும் காத்திருந்தோம். 5.48-க்கு வரவேண்டிய வண்டி 6.15-க்கு வந்தது. எத்தனை நிமிடம் தாமதம் என்று கேட்டோம். இல்லத்தரசியார் கைப்பேசியைத் திறந்து 6.15-லிருந்து 5.48-ஐக் கழித்து, அறுபத்தேழு என்றார். நம் மகள் விரல் மடக்கவில்லை. “ஆறு மணிக்குப் பன்னிரண்டு, அப்புறம் பதினைந்து. இருபத்தேழு நிமிஷம் அம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.